65 ரூபா பார்சல்: குட்டி லிங்க் வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஹட்டனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போட் படம், அவ்வளவுதான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் அந்திக் கொழுந்து நிறுத்த கையோடு வந்து போனை நீட்டினார். "தம்பி, பார்சல் வந்திருக்காம். 65 ரூபா கட்டணுமாம். காட் நம்பர இதில போட்டுத் தாங்க." மகன் கட்டாரில். அவர்தான் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று முகமெல்லாம் சிரிப்பு.

குறுஞ்செய்தியில் இருந்தது ஒரு பிட்லி முகவரி, அதாவது நீண்ட இணைய முகவரியைக் குட்டியாகச் சுருக்கித் தரும் ஒரு தளத்தில் செய்தது. எங்கே கொண்டுபோய் விடும் என்று அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தட்டாமல், அழுத்திப் பிடித்து கொப்பி பண்ணி, கணினியில் ஒட்டி, கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டேன். பிட்லிக்கு அப்படிப் போட்டால் நேரே அங்கே தள்ளிவிடாது, போகிற இடத்தை மட்டும் காட்டும். காட்டியது இன்னொரு குட்டி முகவரி! இந்தத் தடவை டைனியூஆர்எல். அதற்கு முகவரியின் முன்னால் 'ப்ரிவியூ' என்று போட்டு ஒரு புள்ளி வைக்க வேண்டும். வெங்காயத் தோல் மாதிரி இரண்டு உரித்த பிறகுதான் அசல் வெளியே வந்தது. முன்பாதியில் 'போஸ்ட்', 'எல்கே' எல்லாம் இருந்தன. முடிந்தது என்னவோ 'டாட் டாப்' என்று. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பெயரும் அதன் முடிவும் சேர்ந்துதான் சொந்தக்காரனைச் சொல்லும், முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். நம் தபால் திணைக்களம் என்றால் 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடிந்திருக்கணும்.

மகனுக்குக் கோல் எடுத்தோம். அவர் எதுவும் அனுப்பவில்லை. அக்காவுக்குக் காசு தப்பியது பெரிதாகப் படவில்லை, பார்சல் இல்லை என்பதுதான் வலித்தது.

*பண்டாரவளையிலிருந்து:*
எனக்குத் தலைகீழ். நான் ஆசிரியை. உயர்தர மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் என்று வகுப்புக் குழுவில் ஒரு குட்டி லிங்க். போலி, யாரும் தொடாதீர்கள் என்று எழுதிவிட்டேன். ஒரு பிள்ளையின் அப்பா விரித்துப் பார்த்து, "கூகுள் படிவம்தான் டீச்சர்" என்றார். கூகுள் படிவத்தை யாரும் செய்யலாமே! அதனால் அனுப்பியவரையே போனில் பிடித்துக் கேட்டேன். உண்மைதானாம். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. குழுவில் மன்னிப்புக் கேட்டேன், வேறென்ன செய்ய?

*தலவாக்கலையிலிருந்து:*
நான் தட்டியே விட்டேன். வெளிநாட்டு வேலை என்றார்கள். ஏதோ ஆப் இறங்க ஆரம்பித்தது. எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான், பாதியில் நின்றுவிட்டது. டவர் இல்லாததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொன்னேன். அது 'இஸ் டாட் ஜிடி' முகவரி. அதற்கும் கூட்டல் குறிதானா அண்ணே?

*ஹட்டன் கடைக்காரர்:*
இல்லை தம்பி, அதற்குக் கடைசியில் ஒரு சின்னக் கோடு, கழித்தல் குறி மாதிரி. எதுவும் நினைவில்லை என்றால் சுருக்கத்தை விரித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன, அங்கே ஒட்டிப் பாருங்கள். பாதி இறங்கிய ஆப்பையும் முதலில் அழித்துவிடுங்கள்.

அந்த அக்கா நேற்றுத் திரும்ப வந்தார். இந்தத் தடவை மகன் நிஜமாகவே பார்சல் போட்டிருக்கிறாராம். தபால்காரர் கொடுத்த கடதாசித் துண்டை மேசையில் வைத்து, "இதையும் ஒருக்கா உரிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.