என் பைக் நம்பரில் இன்னொரு பைக் சென்னையில் ஓடுகிறது, சலான் எனக்கு வருகிறது. உதவி தேவை

மில்ஷிப்ட்57
வணக்கம். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். 2021-ல் வாங்கிய கறுப்பு ஸ்ப்ளெண்டர், ஆர்சி என் பெயரில். அந்த வண்டி மாவட்டத்தைத் தாண்டியதே நாலைந்து தடவைதான், அதுவும் மதுரை வரைக்கும்.

போன வாரம் சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக 1,000 ரூபாய் அபராதம் என்று எஸ்எம்எஸ் வந்தது. போலிச் சலான் லிங்க் அனுப்பிப் பணம் பறிக்கிறார்களே, அது மாதிரி என்று நினைத்து அழித்துவிட்டேன். நேற்று இன்னொன்று: மூன்று பேர் ஏறிப் போனதாக மறுபடி 1,000. லிங்க்கைத் தொடாமல் பரிவாகன் என்கிற அரசுத் தளத்துக்கு நானே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் நிஜம். படத்தில் என் நம்பர், அதே கறுப்பு ஸ்ப்ளெண்டர், ஓட்டுகிறவன் யாரென்றே தெரியாது. இரண்டாவது சலானில் நேரம் காலை 10.40, அன்றைக்கு நான் ஆறு மணி ஷிப்டில் உள்ளே இருந்தேன், விரல் ரேகை வைத்த பதிவு இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போனேன். "சென்னை கேஸுக்கு இங்கே என்ன தம்பி புகார், கட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா நேற்றிலிருந்து தூங்கவில்லை. கட்டிவிடலாமா? நாளைக்கு இவன் யாரையாவது இடித்துவிட்டால் நான் மாட்டுவேனா? இவனுக்கு என்னதான் தண்டனை?

பைபாஸ்ரைடர்
சகோ, 2,000 ரூபாய்க்கு அலைந்தால் அதைவிட அதிகமாகச் சம்பளம் போகும். கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். என் மாமா ஒருவர் அப்படித்தான் கட்டினார்.

கோர்ட்வாசல்_மதுரை
தயவுசெய்து கட்டாதீர்கள். 14 வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறேன், மோட்டார் வாகன வழக்குகள்தான் பெரும்பாலும். அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமாதானமாகப் போனதாகக் கணக்கு. "அன்றைக்கு வண்டி சென்னையில் இருந்தது, உரிமையாளரே ஏற்றுக்கொண்டார்" என்று நாளைக்கு யாராவது சொன்னால் அதை உடைப்பது கஷ்டம். இந்த இரண்டு சலானும் வெறும் அபராதத்தோடு முடிகிறவை இல்லை என்பதையும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட்டுக்கு 194டி, மூன்று பேர் ஏறினால் 194சி. இரண்டிலும் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் வழி இருக்கிறது. செய்யாத தப்புக்கு அதையெல்லாம் ஏன் தலையில் வாங்க வேண்டும்?

சும்மா இருந்தாலும் ஆபத்துதான். 133-வது பிரிவின்படி ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் பதில் சொல்லியாக வேண்டும். "என் வண்டி அங்கே இல்லை, என் எண்ணை யாரோ போலியாகப் பயன்படுத்துகிறார்கள்" என்பதும் பதில்தான், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டா? சலான் படத்தைப் பெரிதாக்கிப் பிளேட்டின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

மில்ஷிப்ட்57
ஐயா, இப்போதுதான் பார்த்தேன், கை நடுங்குகிறது. என் வண்டியில் ஷோரூமில் மாட்டிக் கொடுத்த அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், கீழே நீலத்தில் ஐஎன்டி எழுத்து. படத்தில் இருக்கிற வண்டியில் அது இரண்டுமே இல்லை, கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் எழுத்து மாதிரி இருக்கிறது. அப்புறம் அவன் வண்டியில் முன்னால் கிராஷ் கார்டு இருக்கிறது, என் வண்டியில் போடவே இல்லை.

கோர்ட்வாசல்_மதுரை
இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் தம்பி. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு அந்தத் தகடு கட்டாயம். ஒவ்வொரு தகட்டிலும் லேசரில் பொறித்த பத்து இலக்கத் தனி எண் உண்டு, கழற்றினால் உடைந்துபோகிற ஸ்னாப் லாக்கும் உண்டு. 2021 வண்டி ஸ்டிக்கர் பிளேட்டோடு ஓடுகிறது என்றாலே கேள்வி அங்கே தொடங்குகிறது.

உங்கள் வண்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள், சேஸிஸ் எண், இன்ஜின் எண், அந்த லேசர் எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. வருகைப் பதிவில் மில்லின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மில் வாசலில் கேமரா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், ஏனென்றால் கேமரா பதிவைச் சேமிக்கிற பல டிவிஆர் பெட்டிகளில் பதினைந்து முப்பது நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பதிவைப் பிரதி எடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் சேர்த்து வாங்கினால்தான் கோர்ட்டில் நிற்கும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதிலாக வந்தது அது.

புகாரைப் பொறுத்தவரை, "இது எங்கள் எல்லை இல்லை" என்று இப்போது சொல்ல முடியாது. 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-வது பிரிவில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று நேரடியாகவே இருக்கிறது. மனுவை எழுத்தில் கொடுத்து, உடனே எப்ஐஆர் போடவில்லை என்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதுவும் தரவில்லை என்றால் அதே மனுவை மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அப்புறமும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். சலானை மறுத்துப் பரிவாகன் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் படங்களோடு போடுங்கள். சலான் ஆன்லைனில் நடக்கிற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அங்கே அபராதம் கட்டுவதைத் தேர்ந்தெடுக்காமல் வழக்கை எதிர்கொள்வதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்டிஓவுக்கும் ஒரு நகல்.

தேனிமலை
அண்ணா, நான் எழுதுவது பயமுறுத்த இல்லை. என் அப்பாவுக்கு இதே நடந்தது. இரண்டு சலான் வந்தது, சின்னத் தொகை என்று கட்டிவிட்டார். நாலு மாதம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, அவர் பார்க்காத ஊரில் அவருடைய எண் போட்ட வண்டி ஒரு பெரியவரின் காலை முறித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அடிபட்ட குடும்பத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் கையில் இருந்தது நம்பர் மட்டும்தான். காப்பீட்டு நிறுவனம், வக்கீல், சர்வீஸ் சென்டரில் அன்றைக்கு வண்டி நின்ற ஜாப் கார்டு, எல்லாம் காட்டி வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் சலானிலேயே ஒரு புகார் ரசீது வாங்கியிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்று வக்கீல் சொன்னார். அந்த ஒரு வருடம் அப்பா வண்டியை வெளியே எடுக்கவே இல்லை.

பைபாஸ்ரைடர்
இது எனக்குத் தெரியாது. கட்டச் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள் சகோ.

புதுவண்டி_22
இடையில் கேட்கிறேன், எல்லோரும் திட்டாதீர்கள். என் தம்பி காலேஜில் ஒருவனிடம் 9,000 ரூபாய்க்கு ஒரு பைக் வாங்கினான். ஆர்சி "அப்புறம் தருகிறேன்" என்று இழுக்கிறான். போலீஸ் பிடிக்காமல் இருக்க, தெருவில் நிற்கிற அதே மாடல் வண்டியின் எண்ணை ஸ்டிக்கர் கடையில் அடித்து ஒட்டியிருக்கிறான். பிடித்தால் பிளேட் சரியில்லை என்று 500 ரூபாய் அபராதம்தானே?

கோர்ட்வாசல்_மதுரை
இல்லை தம்பி. 500 ரூபாய் எதற்கு என்றால், நம்பர் உன்னுடையதுதான், ஆனால் எழுத்து வளைந்திருக்கிறது, அளவு சரியில்லை, சாமி படம் போட்டு மறைத்திருக்கிறாய், இந்த மாதிரி மோட்டார் வாகன விதிகளில் 50, 51-ஐ மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு வருவது. அடுத்தவன் எண்ணை ஒட்டுவது வேறு உலகம். கேமராவை ஏமாற்ற 3-ஐ டேப் ஒட்டி 8 ஆக்குகிறார்களே, அவர்களும் இந்த உலகத்துக்குத்தான் வருகிறார்கள், அவர்களுக்கு அது தெரிவதில்லை.

பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆவணம் என்றால் காகிதம் மட்டும் இல்லை, எந்தப் பொருளின் மேலும் எழுத்தாலோ எண்ணாலோ குறியாலோ சொல்லப்பட்ட விஷயம் ஆவணம்தான். 336-வது பிரிவு பொய் ஆவணம் உண்டாக்குவது: சாதாரணமாக இரண்டு வருடம் வரை, ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் ஏழு வருடம் வரை. அந்த ஏழு வருடப் பிரிவில் ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு வர முடியாது, கோர்ட் மனசு வைக்க வேண்டும். பொய் ஆவணத்தை அசல் என்று பயன்படுத்தினால் 340, தானே செய்த மாதிரியே தண்டனை, ஆகவே "நான் அடிக்கவில்லை, கடைக்காரர்தான் அடித்தார்" என்பது எடுபடாது. தெரிந்தே அடித்துக் கொடுத்த கடைக்காரரும் சேர்ந்துதான் வருவார். எந்தெந்தப் பிரிவு என்பது வழக்குக்கு வழக்கு மாறும், வக்கீல்கள் வாதாடுவார்கள், ஆனால் வாதாடுகிற அளவுக்கு ஆகிவிட்டதே, அதுதான் பிரச்சினை.

9,000 ரூபாய், ஆர்சி இல்லை என்றதும் எனக்கு இன்னொரு பயம். திருட்டு வண்டியாக இருந்தால், தெரிந்தே வைத்திருப்பதற்கு 317-வது பிரிவில் மூன்று வருடம் வரை. பதிவு இல்லாமல் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 192-ல் முதல் தடவைக்கே 5,000 வரை அபராதம் தனி, 207-ல் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

புதுவண்டி_22
அவனுக்கு 19 வயதுதான் சார். வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறான்.

கோர்ட்வாசல்_மதுரை
அதனால்தான் இன்று இரவே செய்யச் சொல்கிறேன். வண்டியை இனி ஒரு அடி ஓட்டக் கூடாது. பிளேட்டைக் கழற்றி ஆற்றில் போடுவது, சேஸிஸ் எண்ணைச் சுரண்டுவது, இன்னொருவனுக்கு விற்பது, இது எதுவும் வேண்டாம், ஒவ்வொன்றும் புதுக் குற்றம். பணம் அனுப்பிய ரசீது, விற்றவனோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்பா அம்மாவிடம் சொல்லி, உள்ளூரில் ஒரு வக்கீலோடு நீங்களாகவே ஸ்டேஷனுக்குப் போங்கள். பிடிபட்டுப் போவதற்கும் தானாகப் போவதற்கும் ஜாமீன் நேரத்தில் நிறைய வித்தியாசம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், அங்கே கேளுங்கள்.

தேனிமலை
தம்பி, அந்தத் தெருவில் நிற்கிற வண்டிக்காரர் யாரோ, அவருக்கும் என் அப்பா மாதிரி ஒரு நோட்டீஸ் வரலாம். அதையும் உன் தம்பியிடம் சொல்.

புதுவண்டி_22
சொல்கிறேன் அக்கா. அவர் எங்கள் ரேஷன் கடைக்காரர்.

மில்ஷிப்ட்57
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மில்லில் எச்ஆர் மேடம் வருகைப் பதிவும் கேமரா பதிவும் சான்றிதழோடு கொடுத்தார்கள். 10.40-க்கு என் வண்டி ஷெட்டில் நிற்பது பின்பக்கப் பிளேட்டோடு தெரிகிறது. அதே ஸ்டேஷனுக்கு மறுபடி போனேன். 173-வது பிரிவைக் கோர்ட்வாசல் ஐயா சொன்ன மாதிரியே மனுவில் முதல் பத்தியில் எழுதியிருந்தேன். இந்தத் தடவை எஸ்ஐ இருந்தார், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "செயின் அறுக்கிறவனுங்க இப்படித்தான்பா, மாடலும் கலரும் பார்த்து நம்பர் எடுப்பானுங்க, ஆப்பில் தட்டிப் பார்த்தாலும் சரியாகவே காட்டும்" என்றார். சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது.

சலான் மறுப்பில் முதல் சலான் ரத்தானது. இரண்டாவது இன்னும் நிலுவையில் காட்டுகிறது. ஒரு சந்தேகம் ஐயா, இன்னொரு சலான் வந்தால் புதிதாகப் புகார் கொடுக்க வேண்டுமா?

கோர்ட்வாசல்_மதுரை
வேண்டாம். அதே சிஎஸ்ஆர் எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் மனு கொடுத்தால் போதும், புதுப் படத்தையும் இணையுங்கள். ரசீதின் ஒரு நகலை வண்டியிலேயே வைத்திருங்கள், அவனைத் தேடுகிற போலீஸ் உங்களை நிறுத்தவும் வாய்ப்பு உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

மில்ஷிப்ட்57
சரி ஐயா. ரசீதை அம்மா லேமினேட் செய்து கொண்டு வந்துவிட்டார்கள், அசலையே. நகல் எடுக்க இப்போதுதான் கிளம்புகிறேன்.