விபிஎன் கனெக்ட் ஆகிறது, சர்வர் பிங் ஆகிறது, ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை

கணக்குப்பிள்ளை:
வணக்கம். ஆடிட்டர் ஆபீஸில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கிறேன். லேப்டாப் விண்டோஸ் 11, ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணையம் வழியாக இணைகிற விபிஎன்னுக்கு ஓபன்விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஐகான் பச்சையாகிவிடுகிறது. ஆபீஸ் சர்வரின் ஐபி (நெட்வொர்க் முகவரி) 192.168.1.10, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டால் 2 மில்லிசெகண்டில் பதில் வருகிறது, ஆனால் ஷேர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் எரர். இதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் ஜம்மென்று திறக்கிறது. அப்படியென்றால் வீட்டு பிராட்பேண்டில்தானே ஏதோ பிளாக் ஆகிறது? கஸ்டமர் கேரில் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள், மூன்று தடவை.

கேபிள்காரன்:
ஷேரிங் 445 போர்ட்டில் போகும், ஃபயர்வாலில் அது திறந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை) ஆன் செய்துவிடுங்கள், எனக்கு ஒரு தடவை அப்படித்தான் சரியானது.

பழைய சர்வர்:
எஸ்எம்பி 1 வேண்டவே வேண்டாம் சார். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை உள்ளே புகுந்ததே அந்த ஓட்டை வழியாகத்தான். ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது என்கிறாரே, அப்புறம் சர்வரில் என்ன கோளாறு இருக்க முடியும்?

எனக்கு இடிப்பது அந்த 2 மில்லிசெகண்ட். இணையம் வழியாக ஆபீஸுக்குப் போய்த் திரும்புகிற பிங் அவ்வளவு சீக்கிரம் வராது. ஒன்று செய்யுங்கள், விபிஎன்னைத் துண்டித்துவிட்டு அதே பிங்கைப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
துண்டித்த பிறகும் பதில் வருகிறது! இது எப்படி?

பழைய சர்வர்:
உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் ஐபி கொடுக்கிறது, ஆபீஸும் அதே வரிசை. 10 என்ற நம்பரில் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் அதைப் பக்கத்து அறையில் இருப்பதாக நினைத்து அங்கேயே கதவைத் தட்டுகிறது, விபிஎன் பக்கமே போவதில்லை. ஹாட்ஸ்பாட் வேறு வரிசையில் ஐபி கொடுப்பதால் அங்கே சிக்கல் இல்லை.

வீட்டு ரவுட்டரில் லேன் செட்டிங் போய் ஐபியை 192.168.57.1 என்று மாற்றுங்கள், டிஹெச்சிபி வரிசையும் (ரவுட்டர் தானாகக் கொடுக்கிற ஐபிகள்) 57-க்கு மாறியிருக்கிறதா பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 57 இருக்கிற இடத்தில் 0, 1 இரண்டும் வேண்டாம், ஊரில் பாதி ரவுட்டர் அதில்தான் வருகிறது. நியாயமாக ஆபீஸ்தான் தன் வரிசையை மாற்றியிருக்க வேண்டும், ஆனால் அதற்கு அங்கே எத்தனை மெஷினைத் தொட வேண்டுமோ.

கணக்குப்பிள்ளை:
திறந்துவிட்டது சார், இப்போது பிங் 38! ஆனால் ஐபி போட்டால்தான் திறக்கிறது, ஆபீஸில் போடுகிற மாதிரி சர்வர் பெயரைப் போட்டால் வரவில்லை.

கேபிள்காரன்:
எஸ்எம்பி 1 சொன்னதற்கு மன்னிக்கவும், இந்தக் கோணத்தை யோசிக்கவே இல்லை. பெயர் விஷயம் எனக்குத் தெரியும். ஆபீஸுக்குள் மெஷின்கள் ஒன்றையொன்று கூவிக் கூப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கும், அந்தக் கூவல் பொதுவாக விபிஎன்னைத் தாண்டாது. ஆபீஸில் பெயருக்கு ஐபியைச் சொல்கிற டிஎன்எஸ் சர்வர் இருந்தால் அதை விபிஎன் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பில் இருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐபியையும் பெயரையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

பழைய சர்வர்:
இன்னொன்று. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா அந்த ஷேரில் இருந்தால் வீட்டிலிருந்து நேரடியாகத் திறக்காதீர்கள். ஒவ்வொரு சின்னப் படிப்புக்கும் போய்வர 38 மில்லிசெகண்ட் என்றால் ஆமை வேகம்தான், நடுவில் லைன் அறுந்தால் டேட்டாவுக்கும் ஆபத்து. ஆபீஸ் மெஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப் போட்டு அங்கேயே வேலை பாருங்கள். எக்செல் மாதிரி ஃபைல் என்றால் காப்பி செய்து, திருத்தி, திரும்பப் போடலாம்.

கணக்குப்பிள்ளை:
ஹோஸ்ட்ஸ் வரி எழுதினேன், பெயரிலும் திறக்கிறது. டேலி ஷேரில்தான் இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப் கேட்டிருக்கிறேன். அந்த 10 யாரென்றும் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டு பிரிண்டர். அதற்கு நானே கையால் ஐபி போட்டு வைத்திருந்தேன், ரவுட்டரை மாற்றியதும் பிரிண்ட் நின்றுவிட்டது, பையன் ப்ராஜெக்ட் பேப்பருக்காகப் பக்கத்தில் நிற்கிறான். அதைச் சரி செய்துவிட்டு வருகிறேன்.