நார்வே, ஆர்க்டிக் கப்பல் பயணம்: பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட், அம்மா சைவம்

பட்டர்வொர்த் குமரன்

வணக்கம். அடுத்த வருடம் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வட ஐரோப்பாவில் கப்பல் பயணம் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 71 வயது அம்மா. எனக்கும் அம்மாவுக்கும் மலேசியப் பாஸ்போர்ட். மனைவி காரைக்குடிக்காரர், இந்தியப் பாஸ்போர்ட். இங்கே என் துணைவியாக நீண்டகால விசாவில் இருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். முட்டி வலியும் உண்டு. சுத்த சைவம், முட்டைகூட ஆகாது.

நள்ளிரவுச் சூரியன், ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்), முடிந்தால் பனிக்கரடி, இவைதான் ஆசை. கோலாலம்பூர் (கே.எல்.) ஏஜெண்ட் ஒருவர் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் ஏறி 14 நாளில் நார்வேயின் வடகோடியில் உள்ள நார்த் கேப், அதற்கும் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் வரை போய்த் திரும்பும் 3,000 பேர் கப்பலைச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனில் ஏறும் 150 பேர் கப்பலைக் காட்டுகிறார், விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. எதை எடுக்கலாம்? விசா எப்படி?

செந்தூல் கப்பல் பைத்தியம்

குமரன், அந்த இரண்டு கப்பலும் காட்டுகிற இடங்களே வேறு. விலையைப் பிறகு பார்க்கலாம்.

ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி 1 முதல் புது விதி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிதான். 3,000 பேர் கப்பல் லாங்யர்பியன் பக்கம் வந்து, அந்த ஃபியோர்டைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதிலிருந்து பனிக்கரடி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஊரிலிருந்து கரடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டித் தனியாக நடக்கக்கூடாது, துப்பாக்கியோடு வழிகாட்டி வேண்டும்.

சின்னக் கப்பலில் கரடி பார்க்கும் வாய்ப்பு நிஜமாகவே அதிகம். ஆனாலும் கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். அதனால் 8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், கைப்பேசி கேமராவை நம்ப வேண்டாம். பெரிய தடை அம்மாவின் முட்டிதான். கரைக்குப் போவதெல்லாம் ரப்பர் படகில். ஆடுகிற படிக்கட்டில் இறங்கி, மாலுமியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படகில் கால் வைக்க வேண்டும். கரையில் பல இடங்களில் தண்ணீருக்குள்தான் இறங்குவது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை இப்படி. இறங்க முடியாதவர் நாள் முழுக்கக் கப்பலிலேயே உட்கார்ந்திருப்பார். மூன்று மடங்கு விலை கொடுத்து அம்மாவை அப்படி உட்கார வைப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

என் கருத்து: ஸ்வால்பார்டை விட்டுவிட்டு, ஃபியோர்டுகளும் நார்த் கேப்பும் உள்ள 11, 12 நாள் பெரிய கப்பலை எடுங்கள். நார்த் கேப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வாரம் வரை சூரியன் மறையாது, உங்கள் தேதி பொருந்தும். ஆனால் கப்பல் ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று அட்டவணையில் பாருங்கள். காலை 9 முதல் மாலை 5 வரை நிற்கும் கப்பலில் போனால் முனையில் நீங்கள் பார்ப்பது வெறும் பகல் வெயில். மாலையில் வந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் கப்பலாகத் தேடுங்கள். துறைமுகத்திலிருந்து முனைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முனை 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, மேகம் அடிக்கடி அதன் தலையிலேயே உட்கார்ந்துவிடும். அங்கே மூடியிருந்தாலும் முன்பின் இரவுகளில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கப்பல் மேல்தளத்திலிருந்து சூரியன் கிடைக்கலாம். அதனால் வட்டத்துக்கு மேலே மூன்று, நான்கு இரவாவது தங்கும் பாதையாகப் பாருங்கள்.

ஃபியோர்டுக்குக் கெய்ராங்கர் அல்லது ஃப்லோம், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அந்த உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு 2026 முதல் புகையில்லா விதி வந்துவிட்டது, பெரியவற்றுக்கு 2032. உங்கள் கப்பல் உள்ளே போகும். ஃப்லோமில் மலை ரயில் 20 கி.மீ. தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் ஏறும், உட்கார்ந்தே பார்க்கலாம், அம்மாவுக்கு அதைவிட நல்ல சுற்றுலா கிடையாது. கப்பல் வரும் நாளில் டிக்கெட் தீர்ந்துவிடும், இங்கிருந்தே வாங்கிவிடுங்கள். கெய்ராங்கரில் சில கப்பல்கள் நடுவில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு அனுப்பும். படகா, மிதவைப் பாலமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கே.எல்.லிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இருப்பதால் சவுத்ஹாம்ப்டன் வசதிதான்.

ஜெலுத்தோங் மீனா

சவுத்ஹாம்ப்டன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. குமரன் அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் வசதி, அண்ணிக்கு அது இரண்டு விசா.

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா முறை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் விசா தேவையில்லை. பிரிட்டனுக்கும் விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை ஆன்லைனில் எடுக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தனி, பிரிட்டன் விசா தனி. இரண்டும் ஒன்றுக்கொன்று செல்லாது.

அதனால் கோபன்ஹேகன், கீல், ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களில் ஏறி அங்கேயே இறங்கும் பயணமாகப் பாருங்கள். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே எல்லாம் ஷெங்கன், ஒரே விசா போதும். துறைமுகப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வழியில் லெர்விக், கிர்க்வால், இன்வர்கார்டன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்காட்லாந்து, பிரிட்டன் விசா மறுபடி வந்துவிடும். பரோ தீவுகளும் கிரீன்லாந்தும் டென்மார்க்கைச் சேர்ந்தவை, ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. அங்கும் செல்லும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது ஸ்வால்பார்டில். அது நார்வேயுடையது, அங்கே இருக்க விசாவும் கேட்க மாட்டார்கள், ஆனால் அது ஷெங்கனுக்கு வெளியே. ட்ரோம்சோவிலிருந்து அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வந்தால் இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர் திரும்ப உள்ளே வர முடியாது, கப்பல் கம்பெனி ஆரம்பத்திலேயே ஏற்ற மறுக்கும். போகாவிட்டாலும் விண்ணப்பத்தில் பல நுழைவு என்றே கேளுங்கள்.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? அதிக நாள் இருக்கும் நாட்டில். கோபன்ஹேகனில் ஏறினாலும் துறைமுக நாட்கள் பெரும்பாலும் நார்வேயில் என்றால் நார்வேதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. நாள்வாரியாகத் துறைமுகம் போட்ட கப்பல் முன்பதிவு, விமான முன்பதிவு, மலேசிய விசா நகல், திருமணச் சான்றிதழ் எல்லாம் வையுங்கள். விசா தேதியைக் கப்பல் தேதிக்கு முன்பின் சில நாள் கூட்டிக் கேளுங்கள், விமானம் தாமதமானால் அதுதான் காப்பாற்றும்.

பட்டர்வொர்த் குமரன்

மீனா, ரொம்ப நன்றி, ஸ்வால்பார்ட் விஷயம் ஏஜெண்ட் இருவருமே சொல்லவில்லை. அப்படியென்றால் கோபன்ஹேகன், நார்த் கேப். அம்மாவின் சாப்பாடும் இன்சுலினும் பற்றி யாராவது சொல்லுங்கள். நெய், பொடி எல்லாம் கட்டிக்கொண்டு போகலாமா?

ஈப்போ ரோடு சிவா

நெய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைப் பையில் கொண்டுவருவதைத் தடுக்கின்றன. நெய், பால்கோவா, இறைச்சி சேர்ந்த செருண்டிங் எதுவும் வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் பிரச்சினையில்லை. பச்சைக் கறிவேப்பிலை தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது, காய வைத்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். குட்டி ரைஸ் குக்கர், கெட்டில் எதையும் கப்பலில் விடமாட்டார்கள், ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும். பஃபேயில் சுடுதண்ணீர் எந்நேரமும் கிடைக்கும்.

முன்பதிவில் 'சைவம்' என்று மட்டும் போட்டால் முட்டையும் சீஸும் வரும். 'இந்திய சைவம், முட்டை இல்லை, மீன் இல்லை, இறைச்சி ஸ்டாக் இல்லை' என்று எழுத்தில் கொடுங்கள், குறைந்தது இரண்டு மாதம் முன்பே. ஏறிய முதல் நாள் மதியமே சாப்பாட்டு அறைத் தலைமைப் பணியாளரைப் பார்த்து, ஒவ்வொரு இரவும் அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சூப்பும் ரிசோட்டோவும் பார்க்கச் சைவமாக இருக்கும், கோழி ஸ்டாக்கில் செய்திருப்பார்கள். விமானத்தில் ஏ.வி.எம்.எல். (ஆசிய சைவ உணவு) என்ற குறியீட்டைக் கேளுங்கள். 'இந்து உணவு' என்ற எச்.என்.எம்.எல். அசைவமாகவும் வரும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்சுலின் கைப்பையில்தான். விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, ஒரு பாதியை உங்கள் பையில் வையுங்கள். ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதம் வேண்டும். திறக்காதவற்றை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். அறையில் உள்ள குட்டி ஃபிரிட்ஜ் பல கப்பல்களில் சும்மா பானம் குளிர வைக்க மட்டும்தான், முன்பதிவின்போதே மருந்துக்கான ஃபிரிட்ஜ் கேளுங்கள். வெளியே போகும்போது பேனாவைக் கோட்டின் உள் பையில் வையுங்கள். டென்மார்க், நார்வே கோடையில் நம்மைவிட 6 மணி நேரம் பின்னே. போகும் நாள் 30 மணி நேரமாக நீளும், அந்த நாள் எத்தனை யூனிட் எப்போது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இரவில் இருட்டாது என்பதால் அம்மா வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பாட்டு நேரம் தவறவிடலாம், கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

காப்புறுதியில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: கப்பல் பயணம் சேர்ந்ததா, ஏற்கனவே உள்ள நோய்க்குக் கிடைக்குமா, அவசர மருத்துவ இடமாற்றம் எவ்வளவு. 70 வயதுக்கு மேல் பல பாலிசிகளில் தொகை குறைந்துவிடும். கப்பல் மருத்துவரின் பில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும், நீங்கள் கட்டிவிட்டு இங்கே வந்துதான் கோர வேண்டும். விவரமான ரசீது வாங்காமல் இறங்காதீர்கள்.

பாயான் லெப்பாஸ் ரவி

உடை பற்றி யாரும் சொல்லவில்லை. ஜூலையிலும் நார்த் கேப்பில் 10 டிகிரி சுற்றித்தான், காற்று அதைக் கடுமையாக்கும். உள்ளே கம்பளி அல்லது வெப்ப உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ், மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், கால்சட்டை. பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. பெர்கன் ஐரோப்பாவிலேயே மழை அதிகம் பெய்யும் நகரங்களில் ஒன்று. தூங்கக் கண்மறைப்பு.

கப்பல் நகர்ந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். கடல் நடுவில் கப்பலின் சொந்த நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும், நம் ரோமிங் திட்டங்கள் அதைச் சேர்ப்பதில்லை. வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள். நார்வேயில் எல்லாமே அட்டைதான். ரிங்கிட்டா, நார்வே நாணயமான குரோனரா என்று இயந்திரம் கேட்டால் குரோனர்.

செந்தூல் கப்பல் பைத்தியம்

மீனா சொன்னது சரி, கோபன்ஹேகனே போங்கள். நேர் விமானம் இல்லை, தோஹா, துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாக மாற வேண்டும். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். பை தொலைந்தால் அடுத்த துறைமுகத்துக்கு அது வந்துசேர நாளாகும்.

ஏஜெண்ட்டின் சுற்றுலா அமைச்சு உரிம எண்ணைச் சரிபார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். முழுப் பணம் கட்டும் கடைசி நாள் பல கம்பெனிகளில் பயணத்துக்கு 90 நாள் முன்பே வரும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும். அதனால் அண்ணியின் விசாவுக்கு 6 மாதக் கதவு திறந்த வாரமே விண்ணப்பித்து, பதில் கையில் வந்தபிறகு மீதியைக் கட்டுங்கள்.