கழித்தலிழப்பு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கணினி கழிக்கும்போது விடையின் துல்லியம் பெரிதும் குறைந்துபோவதை ஆங்கிலத்தில் 'கேட்டஸ்ட்ரோஃபிக் கேன்சலேஷன்' என்பர். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட 'பேரழிவு நீக்கம்' என்னும் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 'நோய் நீக்கம்' என்றால் நோய் நீங்குவதைத்தான் குறிக்கும். அவ்வாறே இதைப் படிக்கும் மாணவர் பேரழிவு நீங்கிவிட்டது என்றே பொருள்கொள்வார். 'கழித்தலிழப்பு' என்பது என் பரிந்துரை.

நிகழ்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூலங்களின் கூடுதல் 10 கோடி, பெருக்கற்பலன் 1 என அமைந்த இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறிய மூலம் ஏறத்தாழ 0.00000001. பள்ளியில் கற்ற சூத்திரத்தை அப்படியே பைத்தான் நிரல்மொழியில் எழுதினால் 0.00000000745 என்று விடை வருகிறது; ஏறத்தாழ கால் பங்கு பிழை. கணினி பதின்ம எண்களைச் சேமிக்கும் வடிவமான, 53 பிட் (இரும இலக்கம்) துல்லியமுள்ள மிதவைப்புள்ளி எண்கள் 10 கோடிக்கு அருகே ஏறத்தாழ 0.000000015 இடைவெளியில்தான் அமைகின்றன என்பதால், தன்மைக்காட்டியின் (சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வரும் b² − 4ac) வர்க்கமூலம் அவற்றுள் மிக அருகிலுள்ள ஒன்றுக்கு முழுமைப்படுத்தப்படுகிறது. பிறகு ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், முழுமைப்படுத்தலில் விளைந்த பிழை விடையில் கணிசமான பங்காக எஞ்சுகிறது. பெரிய மூலத்தை முதலில் கண்டு, 1-ஐ அதனால் வகுத்தால் இச்சிக்கல் எழுவதே இல்லை.

கழித்தல் இங்கே துல்லியமாகவே நடக்கிறது, பிழை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்று ஒருவர் மறுக்கலாம். அது சரியான மறுப்புதான். ஆயினும் நிரலைத் திருத்த முனைபவர் தேட வேண்டிய இடம் அந்தக் கழித்தல் குறிதான் என்பதால், பெயரில் அதுவே நிற்பது பயனுடையது. 'இலக்க இழப்பு' என்ற மாற்றுப் பரிந்துரை எளியதே; ஆனால் சாதாரண முழுமைப்படுத்தலையும் அது உள்ளடக்கிவிடும்.

இச்சொல்லுக்கு இப்போது அவசரத் தேவை இருப்பதாகக் கருதுகிறேன். ஆய்வு மாணவர்கள் பலர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நிரல் எழுதுகிறார்கள். தரவுகளின் பரவலை அளக்கும் விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிடக் கேட்டால், வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் நிரலை அக்கருவி தரக்கூடும். தரவுகளின் சராசரி மிகப் பெரியதாகவும் பரவல் சிறியதாகவும் இருந்தால், எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் தவறான எண்ணை, சில வேளைகளில் இந்த அளவைக்கு வரவே முடியாத எதிர்ம எண்ணைக்கூட, அந்நிரல் தந்துவிடும். 'கழித்தலிழப்பு நேராதபடி எழுதிக் கொடு' என்று கேட்கத் தெரிந்த மாணவர், முதலில் சராசரியைக் கண்டு, விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டும் வடிவத்தைப் பெற வாய்ப்பு மிகுதி. பெயர் தெரியாதவருக்கு அப்படிக் கேட்கவே தோன்றாது.

'கழித்தலிழப்பு நேர்கிறது', 'கழித்தலிழப்பற்ற வடிவம்' என இச்சொல் தொடர்களிலும் இயல்பாகப் பொருந்துகிறது. எண்ணியல் முறைகளைத் தமிழில் கற்பிக்கும் உறுப்பினர்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.