அக்கிலிஸ் வலி, ரத்த அழுத்த மாத்திரை: 64 வயதில் ஓடலாமா?

கேள்வி:
குதிகாலுக்குப் பின்னால் உள்ள அக்கிலிஸ் தசைநாணில் மூன்று மாதமாக வலி. காலையில் முதல் சில அடிகள்தான் கொடுமை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓடும்போது நாடித்துடிப்பு 120ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி 1:
விட வேண்டாம், குறையுங்கள். முழு ஓய்வில் வலி அடங்கும், தசைநாணோ வலுவிழக்கும். திரும்ப ஓடினால் பழைய கதைதான். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். 15 தடவை, 3 சுற்று. இந்த 3 சுற்றையும் முழங்காலை நீட்டியபடி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. காலை, மாலை, 12 வாரம். பலர் நாலாவது வாரத்திலேயே கைவிடுகிறார்கள். தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் தேறும். 10க்கு 4, 5 அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு கூடினால் செய்தது அதிகம். வலி குதி எலும்பை ஒட்டியே இருந்தால் தரையில் மட்டும் செய்யுங்கள். படிக்குக் கீழே குதியை இறக்கினால் தசைநாண் எலும்பில் நசுங்கும்.

மறுமொழி 2:
துடிப்பு ஏறாதது மாத்திரையின் வேலை. உச்ச நாடித்துடிப்பை அறிய 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மிதமான வேகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நெஞ்சுவலி வரை போகலாம். ஓடி முடித்ததும் சட்டென நிற்காமல் 5 நிமிடமாவது நடங்கள்.

மறுமொழி 3:
மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதும்போது தசைநாண் வலியைச் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை 60 வயதுக்கு மேல் தசைநாண் அறும் ஆபத்தைக் கூட்டும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். 'பட்'டென்ற சத்தத்துக்குப் பின் நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.