தொற்று வந்த வால்வு ஆபரேஷன்: ரத்தம் உறையும் என்கிறார்கள், நிற்காது என்றும் சொல்கிறார்கள்

திண்டுக்கல் தம்பி (கேள்வி)

அக்காவுக்கு 34 வயது. சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டுப்போனது, அதை வைத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் முன்பு விட்டுவிட்டுக் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே நாளைக் கடத்திவிட்டோம் (எங்கள் தப்புதான்), கடைசியில் எக்கோ எடுத்தபோது வால்வில் கிருமி கூடு கட்டியிருக்கிறது, எண்டோகார்டைட்டிஸ் என்றார்கள். மூன்று வாரமாக ஆன்டிபயாடிக் ஊசி. காய்ச்சல் இறங்கிவிட்டது, மூச்சுத்திணறல் இறங்கவில்லை. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

குழப்பம் இதுதான். ரத்தம் உறையும் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது, அந்தக் கூட்டிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போகலாம், 6 யூனிட் ரத்தம், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு), க்ரயோ (பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும், உறைய வைக்கும் புரதம் நிறைந்த பை) எல்லாம் தயார் செய்யுங்கள் என்று இன்னொரு டாக்டர். ரிப்போர்ட்டில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்ணாம்) 1.2, பிளேட்லெட் 95 ஆயிரம், ஃபைப்ரினோஜன் (ரத்தத்தைக் கட்டியாக்கும் புரதமாம்) 560. இது போதாதென்று ரோட்டெம் என்று ஒரு டெஸ்ட், ஆபரேஷன் நடக்கும்போதே பார்ப்பார்களாம், அதற்குத் தனிக் காசு. ஐஎன்ஆர் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு இது? இரண்டு டாக்டரில் யார் சொல்வது சரி?

பம்ப் ஓட்டுகிறவன்

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரி. நேரம்தான் வேறு.

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தியிருக்கும்போது ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிற வேலை. உடம்பில் தொற்று இருந்தால் ஃபைப்ரினோஜன் ஏறும், சாதாரணமாக 200 முதல் 400 வரை இருக்க வேண்டியது உங்கள் அக்காவுக்கு 560 இருப்பது அதனால்தான். இப்போதைக்கு ரத்தம் உறையும் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் மெஷினின் குழாய்க்குள் ரத்தம் உறையக் கூடாது என்பதற்காகக் கிலோவுக்கு 300-400 யூனிட் ஹெப்பாரின் போடுவோம், குழாயை நிரப்ப முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கும் திரவம் ரத்தத்தை நீர்க்க வைக்கும், குழாயும் ஆக்சிஜனேட்டரும் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பாகம்) தொட்டுத் தொட்டு பிளேட்லெட்டைத் தேய்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெஷினை விட்டு இறங்கும்போது இருப்பது காலையில் பார்த்த ரத்தமே இல்லை. காலையில் வந்த ஐஎன்ஆரை வைத்துக்கொண்டு அப்போது என்ன செய்ய முடியும்?

இந்த நோயாளிகளிடம் எங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஹெப்பாரின் தானாக வேலை செய்யாது, உடம்பில் இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். நாள்பட்ட தொற்றில் அது தீர்ந்துபோயிருக்கும். ஏசிடி என்று ஒரு டெஸ்ட், ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று மேசை பக்கத்திலேயே பார்ப்பது, பொதுவாக 480 நொடியைத் தாண்டினால்தான் மெஷினுக்குப் போவோம். ஒரு எண்டோகார்டைட்டிஸ் கேசில் முழு டோஸ் போட்டும் 310-லேயே நின்றது, இன்னொரு டோஸ் போட்டும் 350. தியேட்டரே அமைதியாகிவிட்டது. அப்புறம் இரண்டு பை எஃப்எஃப்பி, அதாவது பிளாஸ்மா, ஏற்றிய பிறகுதான் எண் மேலே போனது, ஏனென்றால் அதில் ஆன்டித்ராம்பின் இருக்கிறது. அது தனி மருந்தாகவும் வருகிறது, எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது.

ரத்தவங்கி ராத்திரி ஷிப்ட்

விஞ்ஞானத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் ஆள் சேர்க்கிற கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரி 2 மணிக்கு ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டது.

சிவப்பணுப் பை பிரச்சினை இல்லை, வாரக்கணக்கில் தாங்கும். பிளேட்லெட் 5 நாள்தான், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்டிபி என்றால் ஒரே ஆளிடமிருந்து மெஷினில் எடுப்பது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஆள் கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது, இதை மட்டும் இப்போதே எல்லோரிடமும் கேட்டு வைத்துவிடுங்கள். க்ரயோவும் பிளாஸ்மாவும் உறைய வைத்திருப்பது, உருக்கவே அரை மணி நேரம் போகும். உருக்கிய க்ரயோவைச் சில மணி நேரத்துக்குள் ஏற்றாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே உருக்கச் சொல்லாதீர்கள். எது வேண்டும் என்று தியேட்டரிலிருந்து சரியாகச் சொன்னால் எங்களுக்கும் நிம்மதி.

நாலையும் பார்த்தவன்

எங்கள் மாமாவுக்கு 2009-ல் இரண்டு வால்வு மாற்றினார்கள், ரோட்டெமும் கிடையாது ஒன்றும் கிடையாது, இன்றைக்கும் டீக்கடை நடத்துகிறார். புதிதாக ஒரு மெஷின் வாங்கினால் அதற்குக் காசு எடுக்க வேண்டாமா? கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மயக்க டாக்டர்

மாமா நன்றாக இருக்கட்டும். ஆனால் இது நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. ஜெர்மனியில் ஹார்ட்டெர்ட் என்பவர் 1948-லேயே வெளியிட்ட முறை, தியேட்டருக்குள் வர இத்தனை வருடம் ஆனது, அவ்வளவுதான். சின்னக் கப்பில் ரத்தம், நடுவில் ஒரு முள் இரண்டு பக்கமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். ரத்தம் உறைய உறைய முள் இறுகும், அதைத் திரையில் வரைந்து காட்டும். பார்க்கக் கிடத்தி வைத்த அகப்பை மாதிரி இருக்கும். காம்பு நீளமாக இருந்தால் உறையத் தொடங்கவே நேரமாகிறது, கிண்ணம் ஒல்லியாக இருந்தால் கட்டியில் பலம் இல்லை.

ஐஎன்ஆர் அந்தக் காம்பின் ஒரு பகுதியை மட்டும் சொல்லும், அதுவும் அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில். கட்டி நிற்குமா கரையுமா என்று அதற்குத் தெரியாது. லேபுக்கு அனுப்பி வாங்க முக்கால் மணி நேரம் ஆகும், நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் என்பது யுகம். ரோட்டெம் கால் மணி நேரத்துக்குள் ஓரளவு சொல்லிவிடும்.

உங்கள் அக்கா கேசில் அது எப்படி உதவும் என்றால், எக்ஸ்டெம் என்ற கோட்டில் பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜனும் சேர்ந்து தெரியும். ஃபிப்டெம் கோட்டில் பிளேட்லெட்டை மருந்தால் முடக்கிவிட்டு ஃபைப்ரினோஜனை மட்டும் பார்ப்போம். தொற்றில் ஃபைப்ரினோஜன் கொழுத்துக் கிடப்பதால் பிளேட்லெட் குறைவு எக்ஸ்டெமில் மறைந்துவிடும், படம் அழகாக வரும், ஆனால் காயம் கசியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஃபிப்டெம் நன்றாக இருந்து எக்ஸ்டெம் மெலிந்தால் பிளேட்லெட் கொடுப்போம், ஃபிப்டெமே மெலிந்தால் க்ரயோ. ஹெப்டெம் என்று இன்னொன்று, ஹெப்பாரினை அழித்துவிட்டுப் பார்ப்பது, அதில் மட்டும் சரியாக வந்தால் ஹெப்பாரின் மிச்சம் இருக்கிறது, அதை முறிக்கும் புரோட்டமின் மருந்து கொஞ்சம் போதும், பிளாஸ்மா வேண்டாம். முன்பெல்லாம் ஒழுகினால் எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றுவோம். ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அத்தனை பை திரவமும் ஒரு சுமை.

கனடாவில் 12 மருத்துவமனைகளில் 7,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2016-ல் வந்தது, இதய ஆபரேஷன்களில் இந்த மாதிரி டெஸ்டை வைத்து முடிவெடுத்தபோது சிவப்பணுவும் பிளேட்லெட்டும் ஏற்றுவது குறைந்தது, பெரிய ரத்தப்போக்கும் குறைந்தது. மற்ற சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இது இல்லாவிட்டால் உயிர் போகும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

இது பார்க்காத விஷயங்களும் இருக்கின்றன. பிளேட்லெட்டை முடக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் போட்டிருந்தால் காட்டாது. ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, கால்சியமும் சேர்த்துத்தான் பார்க்கும், ஆகவே நோயாளி குளிர்ந்து கிடப்பதும், பை பையாக ஏற்றிக் கால்சியம் இறங்கியிருப்பதும் அதற்குத் தெரியாது. கிருமி அரித்த திசுவில் தையல் போடுவது ஈரச் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி, அங்கே தையல் ஓட்டை வழியாக ஒழுகினால் எந்த மெஷினும் சொல்லாது, சர்ஜன்தான் பார்க்க வேண்டும்.

அக்கா எதற்காவது ஆஸ்பிரின் போட்டாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். மூன்று வார ஆன்டிபயாடிக், சாப்பாடும் சரியில்லை என்றால் வைட்டமின் கே குறையலாம், அது குறைந்தால் ஐஎன்ஆர் ஏறும், இப்போது 1.2 என்பதால் பெரிய பயம் இல்லை, ஆனால் முந்தின நாள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் தம்பி

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் கேட்டேன், நெஞ்சு அடைப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி அம்மா ஒரு வாரம் பாதி ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை, நிறுத்தி 4 நாள் ஆகிறதாம். இப்போதே வார்டுக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். பிளேட்லெட்டுக்குப் பேசி வைத்திருந்த மூன்று பேரில் ஒருவன் நேற்று பல்வலிக்கு ஏதோ போட்டிருக்கிறான், பெயர் தெரியவில்லை, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ரத்தவங்கி ராத்திரி ஷிப்ட்

அட்டைக்குக் காத்திருக்காமல் நாலாவது ஆளைப் பிடி தம்பி.