கிட்டார் பிக்கப்பை நீங்களே மாற்றியபோது என்ன ஆனது?

மூணாவது_ஓட்டை

ஹம், அந்த 'ம்ம்ம்' இரைச்சல், தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப்பும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் அடிப்பக்கம்) பிக்கப்பில் வைத்து கெயினைக் கொஞ்சம் ஏற்றினாலே தேன்கூட்டில் கல் எறிந்த மாதிரி இருக்கும். சிங்கிள் காயில் அளவிலேயே வருகிற ஹம்பக்கர் (இரட்டைச் சுருளால் ஹம்மை அடக்கும் பிக்கப்) மூன்று வாங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் 25 வாட் சால்டரிங் அயர்ன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வேலை முடிந்தது. பழைய மூன்றையும் ஒருவர் வீட்டுக்கே வந்து 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சத்தம் இருந்தது. முன்பைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. பற்றவைத்ததில்தான் கோளாறு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் இன்னும் மூன்று ஞாயிறு போனது. கிட்டார் குழிக்குள் சத்தத்தைத் தடுக்கும் காப்பர் டேப்கூட ஒட்டினேன்.

அப்புறம் ஒருநாள் தாம்பரத்தில் நண்பன் வீடு. அதே கிட்டார், அதே ஆம்ப், அதே கேபிள். சுவிட்சைப் போட்டதும் ஆம்ப் ஆன் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. வால்யூமைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். ஒன்றுமில்லை. நண்பன் காபி டம்ளரோடு வந்து "ஏன்டா வாசிக்காம அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றான்.

என் அறை பிளக் பாயிண்டில் எர்த் ஓட்டை வெறும் ஓட்டை. பின்னால் வயரே கிடையாது.

பழைய பிக்கப்புகள் நல்லவையா கெட்டவையா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த இரைச்சல் இல்லாமல் அவற்றை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நழுவிய_ஸ்க்ரூ

என் கதை ஐந்து நொடி. பழைய பிக்கப்பைக் கழற்றியாகிவிட்டது, புதியதை மாட்டியாகிவிட்டது. உயரத்தைச் சரிசெய்யும் கடைசி ஸ்க்ரூ மட்டும் பாக்கி. மேல் மூடி இன்னும் போடவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை போல்பீஸ் (கம்பிக்குக் கீழே நிற்கும் குச்சி) காந்தம் 'டக்' என்று இழுத்தது. என் கை நடுங்கவில்லை, சத்தியமாக. காந்தம்தான் இழுத்தது. முனை காயிலின் பக்கவாட்டில் உரசி நின்றது.

அந்தக் காயில் கம்பி எவ்வளவு மெல்லிசு என்று எல்லோருக்கும் தெரியும். 42 கேஜ், மேல் பூச்சோடு சேர்த்தே சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். அறுந்தது கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் 6 கிலோ ஓம் காட்டவேண்டிய இடத்தில் எண்ணே வரவில்லை. பெட்டியைப் பிரித்து நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் அந்த வேலைக்கு முனை காந்தத்தில் ஒட்டாத பித்தளை ஸ்க்ரூடிரைவர்தான் எடுப்பேன். அந்தப் பிக்கப் இப்போதும் மேஜை டிராயரில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் ஸ்டேப்ளர் பின்களை இழுத்து வைத்திருக்கிறது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்

முதல் பதிவு போட்ட தம்பிக்கு. 'எர்த் இல்லை, அதனால்தான் ஹம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிதான் சரி. படிப்பவர்கள் எல்லோரும் எர்த் போட்டால் சிங்கிள் காயில் அமைதியாகிவிடும் என்று கிளம்பிவிடக் கூடாது.

இரைச்சல் இரண்டு வகை. ஒன்று, காயில் பிடிக்கிற காந்தப்புல ஹம். டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாம் உமிழ்வது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. இது காப்பர் டேப்புக்கும் அடங்காது, எர்த்துக்கும் அடங்காது. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பினால் ஒரு திசையில் ஏறும், ஒரு திசையில் இறங்கும். இதற்குத்தான் ஹம்பக்கர். இரண்டு காயில், எதிரெதிர் காந்தத் துருவம், எதிரெதிர் இணைப்பு. வெளியிலிருந்து வருவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும். கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதற்குத்தான். ஸ்ட்ராட்டில் நடு பிக்கப்பை மட்டும் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருந்தால் சுவிட்சின் 2, 4-ஆம் இடங்களில் ஹம் அடங்குவதும் இதே கணக்குதான்.

இரண்டாவது வகை 'சர்ர்' என்று கூர்மையாக வருவது. அது வயரிலும், பாட் எனப்படும் வால்யூம், டோன் திருகுகளிலும், ஜாக்கிலும் புகும் மின்புலச் சத்தம். நம் உடம்பே ஆண்டெனா. பிரிட்ஜுக்கு ஒரு எர்த் வயர் போகிறதே, கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறதே, அது இந்த வகை. ஆம்புக்கே எர்த் இல்லையென்றால் அந்த வயர் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? தம்பி, நீங்கள் ஹம்பக்கர் போட்டதில் முதல் வகை போயிற்று, அதனால்தான் 'கொஞ்சம் குறைந்தது'. நண்பர் வீட்டில் இரண்டாவதும் போயிற்று. அங்கே பழைய பிக்கப்போடு போயிருந்தால் இந்தப் பரிபூரண அமைதி வந்திருக்காது. ஆகவே காசு வீண் என்று வருந்த வேண்டாம்.

அப்புறம் இது முக்கியம். எர்த் இல்லை என்று தெரிந்ததும் சில பேர் பிளக் பாயிண்டைத் திறந்து நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் கோர்த்துவிடுவார்கள். செய்யவே கூடாது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஆம்ப் உடம்பு, கேபிள், கம்பி, உங்கள் விரல் எல்லாம் லைவ். மைக் பக்கத்தில் பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு உதட்டில் சுரீர் என்று அடிப்பதும் இந்த எர்த் கோளாறுகளால்தான். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனியாக எர்த் இழுக்கச் சொல்லுங்கள்.

25 வாட் அயர்ன் பற்றியும் ஒரு வார்த்தை. வயர் நுனிக்குப் போதும். பாட்டின் முதுகில் பற்றவைக்கப் போதாது. அந்தத் தகடு சூட்டை எல்லாம் குடித்துவிடும், நீங்கள் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே இருக்கும் கார்பன் பட்டையைச் சுட்டுவிடுவீர்கள். 40 அல்லது 60 வாட், பட்டை முனை, முதுகை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, முதலில் ஈயம் பூசி, சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

என் அனுபவமா? நான் இதுவரை பிக்கப் மாற்றியதில்லை. டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்தது முப்பது வருடம்.

மூணாவது_ஓட்டை

அண்ணே, விளக்கத்துக்கு நன்றி. எர்த் இழுக்க ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் நான் வருந்தியது காசுக்கு இல்லை.

பனிக்காலம்

கனடா ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் நாங்கள் கிற்றார் என்றுதான் எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் செய்தது வயர் நிறப் பிழை. நெக் (கழுத்துப் பக்கம்) இடத்தில் ஏற்கெனவே சீமோர் டங்கன் கொம்பனிப் பிக்கப் இருந்தது. பிரிட்ஜுக்கு வேறு கொம்பனி, டிமார்ஸியோ வாங்கினேன், நாலு வயர். நெக்கை வயர் பண்ணிய படம் கையில் இருந்தது: கறுப்பு ஹாட் (சிக்னல் போகிற வயர்), சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி மூடுவது, பச்சையும் வெறும் கம்பியும் எர்த். அதே நாலு நிறம்தானே இதிலும் இருக்கிறது என்று அப்படியே ஒட்டிவிட்டேன். டிமார்ஸியோவில் சிவப்புத்தான் ஹாட், கறுப்பும் வெள்ளையும்தான் சோடி. பச்சை மட்டும் இரண்டிலும் ஒன்று.

நான் செய்ததில் ஒரு காயில் மட்டும் தலைகீழாகிவிட்டது. ஹம்பக்கர் செய்யவேண்டிய வேலை அப்படியே மாறி நடக்கும்: கம்பியின் ஒலி ஒன்றையொன்று தின்னும், ஹம் இரண்டும் சேர்ந்து பெருக்கும். வீட்டில் சத்தம் குறைத்து வாசித்துப் பார்த்தபோது 'புதுப் பிக்கப், மெல்லிய ரோன் (டோன்) போல' என்று நினைத்தேன். புத்தி!

அடுத்த நாள் கலைவிழா. எங்கட இசைக்குழுவில் நான்தான் லீட். இடையிசை வந்தது, பிரிட்ஜுக்கு மாற்றினேன், பெடலை மிதித்தேன். நுளம்பு, உங்கட கொசு. ஒரு பெரிய நுளம்பு மேடையில் பறக்கிற சத்தம், அதற்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஹம். முன்வரிசையில் ஒரு அம்மா தன் காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தா. அவவின் கருவி பழுது என்று நினைத்துவிட்டா. எட்டு பார் முடியுமட்டும் நான் அவவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன்.

கம்பளிப்பூச்சி

மேலே எல்லோரும் மாற்றிய கதையே சொல்கிறீர்கள். பாதிப் பேருக்கு மாற்றவே தேவையில்லை என்பது என் கட்சி. ஐம்பது_ஹெர்ட்ஸ் அண்ணன் இவ்வளவு நீளமாக எழுதியும் பாட் மதிப்பைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. முதல் பதிவு போட்டவர் ஸ்ட்ராட்டில் ஹம்பக்கர் போட்டார், பாட் மாற்றினாரா?

நான் மாற்றவில்லை. பெயர்பெற்ற ஹம்பக்கர், ஆறாயிரம் ரூபாய். போட்டதும் ஆம்புக்கு மேல் யாரோ கம்பளி போர்த்திய மாதிரி. ஒரு மாதம் அந்தப் பிக்கப்பைத் திட்டினேன். விற்கப்போகிற அன்று, சும்மா ஒரு ஆத்திரத்தில், எண்பது ரூபாய் 500 கே பாட்டை மாட்டினேன். போர்வை விலகியது. விற்க வந்தவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு "மன்னிச்சிடுங்க, விக்கல" என்றேன். அவர் போரூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

அதற்கும் முன்னால் பிக்கப் உயரத்தைப் பாருங்கள். காசே ஆகாது. கிட்டார் கழுத்தின் கடைசி ஃபிரெட் பட்டையில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் போல்பீஸுக்கும் நடுவே சிங்கிள் காயிலுக்கு 2 மில்லிமீட்டர் சுமாராக விட்டு ஆரம்பியுங்கள். நெருக்கி வைத்தால் சத்தம் ஏறும் என்று வைத்துவிட்டு, மேல் ஃபிரெட்டுகளில் காந்தம் கம்பியை இழுத்து ஸ்ருதி அலையும்போது கிட்டாரை மாற்றக் கிளம்புவார்கள்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்

கம்பளிப்பூச்சி அவர்களே, கேட்டது ஹம் பற்றி, டோன் பற்றி அல்ல. 500 கே போட்டால் உச்ச ஒலி கூடும், கூடவே 'சர்ர்' சத்தமும் துலக்கமாகக் கேட்கும். வாங்க வந்தவரை 'விற்க வந்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளவும்.

கம்பளிப்பூச்சி

திருத்த முடியவில்லை, நேரம் தாண்டிவிட்டது. பாட் மாற்றிய அனுபவமாவது எனக்கு இருக்கிறது அண்ணே.

மெழுகுவர்த்தி_மகள்

சண்டைக்கு நடுவில் என்னுடையது. மலிவான பிக்கப், வால்யூம் ஏற்றினால் கீச்சென்று கத்தும். மூடி மேல் விரலால் தட்டினாலே ஆம்பில் கேட்கும், அருகில் பேசினால் பேச்சும் கேட்கும். சுற்று தளர்ந்திருக்கிறது, மெழுகில் முக்கினால் கம்பிகள் அசையாது என்று படித்திருந்தேன். ராக் கிட்டார் கலைஞர் வான் ஹேலன் பாரஃபின் மெழுகில் முக்கியிருக்கிறார். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே தன் ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் போட்ட பர்ன்ஸ் கம்பெனிப் பிக்கப்புகளுக்கு அரால்டைட் பசை ஊற்றியிருக்கிறார், நம் ஊர் ஹார்டுவேர் கடையில் விற்கும் அதே அரால்டைட். இவ்வளவு பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள், நமக்கென்ன.

அம்மா வெளியூர். பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஏழெட்டு மெழுகுவர்த்தியை உடைத்துப் போட்டு அடுப்பில் நேராக வைத்தேன். நேராக வைக்கக் கூடாது என்பது இப்போது தெரியும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் இதை வைக்க வேண்டும், தெர்மாமீட்டரில் 65 டிகிரி பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு மெழுகு உருகினால் போதும் என்றுதான் தோன்றியது. பிக்கப்பை வயரில் கட்டி உள்ளே இறக்கினேன். காயிலிலிருந்து பொடிப் பொடியாகக் காற்றுக்குமிழி வர ஆரம்பித்தது. அவ்வளவு அழகு. குமிழி நிற்கும்வரை விட வேண்டும் என்று படித்திருந்ததால் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றது. தூக்கினேன். காயில் சுற்றியிருக்கும் பாபின் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. ஆறு போல்பீஸும் ஆறு திசை.

நம்ப மாட்டீர்கள், மீட்டரில் வைத்தேன், காயில் உயிரோடு இருந்தது. வளைந்த பிக்கப்பை அப்படியே மாட்ட வழியில்லாமல் கையில் பிடித்துக் கம்பிக்கு மேல் காட்டினேன். கீச்சல் போயே போய்விட்டது.

நழுவிய_ஸ்க்ரூ

பால் பாத்திரம் என்னாச்சு?

மெழுகுவர்த்தி_மகள்

கொதிக்கிற தண்ணீர், சாம்பல், சபீனா எல்லாம் போட்டுத் தேய்த்தேன். அம்மா வந்து முதல் காபி போட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு "கரண்ட் போயிடுச்சாடி நான் இல்லாதப்போ?" என்று கேட்டார்.